நிச்சயச் சேலையும் கடை வாசற்படி வெளிச்சமும்

என் நிச்சயதார்த்தப் படம் ஒன்று அம்மா வீட்டுக் கூடத்தில், கடிகாரத்துக்குக் கீழே, பதினொரு வருடங்களாக மாட்டியிருக்கிறது. அந்த வீட்டுக்கு முதன்முறை வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் என்னிடமே "இது யாரு?" என்று கேட்டிருக்கிறார்கள். அடர்ந்த கத்தரிப்பூ நிறத்தில், உடல் முழுக்கக் கல் பதித்த சேலை அது. ஃபிளாஷ் பட்ட ஒவ்வொரு கல்லும் வெள்ளைப் புள்ளியாகத் தெறித்திருக்கிறது. என் கணவர் அதே கத்தரிப்பூ நிறத்தில் சாட்டின் சட்டை போட்டிருக்கிறார். பொருத்தமாக இருக்க வேண்டும் என்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து அலைந்து எடுத்த துணி. படத்தில் அவை இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, நடுவே ஒரே திட்டாகத் தெரிகின்றன. முகம் இருண்டுபோனதால் ஸ்டுடியோக்காரர் அதை மட்டும் வெளுப்பாக்கிக் கொடுத்துவிட்டார். கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம், முகம் வேறொரு நிறம்.

அந்த நாள் திரும்பி வராது. அதனால்தான், என் தங்கைக்குக் கடந்த தை மாதம் நிச்சயம் என்று நாள் குறித்ததும், சாப்பாடு, மண்டபம், பத்திரிகை எல்லாவற்றையும் மற்றவர்களிடம் விட்டுவிட்டு, படத்துக்கு என்ன உடுத்துவது என்ற ஒரு வேலையை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு மாதத்துக்கு மேல் அதிலேயே கிடந்தேன். அதில் கண்டுகொண்டதை, இனி நிச்சயம் வைத்திருக்கும் வீடுகளுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து நிச்சயத்தில் பெண் இரண்டு சேலை கட்டுவாள். முதலில் பெண் வீட்டுச் சேலையில் வந்து சபைக்கு வணக்கம் சொல்வாள். தாம்பூலத் தட்டு மாற்றியபின், மாப்பிள்ளை வீட்டார் பூ, பழம், குங்குமத்தோடு தட்டில் வைத்துக் கொடுக்கும் நிச்சயச் சேலையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், அதைக் கட்டிக்கொண்டு மறுபடி மேடைக்கு வருவாள். மோதிரம் மாற்றுவது, மாலை போடுவது, உறவினர் வரிசையாக வந்து நின்று படம் எடுத்துக்கொள்வது எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆக, ஆல்பத்தின் முக்கால் பங்குப் படங்களில் இருக்கப்போவது மாப்பிள்ளை வீட்டார் எடுத்துத் தரும் சேலை. ரவிக்கை முன்கூட்டியே தைத்திருக்க வேண்டும் என்பதால், இப்போதெல்லாம் இரண்டு வீட்டாரும் பெண்ணையும் அழைத்துக்கொண்டு ஒன்றாகவே கடைக்குப் போய்விடுகிறார்கள். பணம் கொடுப்பவர்கள் அவர்கள், கட்டிக்கொள்ளப்போகிறவள் இவள். இந்த இடத்தில் யார் மனமும் நோகாமல் ஒரு நிறத்துக்கு வந்து சேர்வதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது.

நாங்கள் மதுரையில் விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு பட்டுக்கடைக்குப் போனோம். தங்கையின் மாமியாராகப்போகிறவர், சம்பந்தி அம்மா, வான நீலம் வேண்டும் என்று மனத்தில் வைத்திருந்தார். அவருடைய மூத்த மருமகள் நிச்சயத்துக்குக் கட்டியது அந்த நிறம். வீட்டுக்கு ராசியான நிறம் என்பது அவர் நம்பிக்கை. என் தங்கைக்கு அரக்கு பிடிக்கும். விற்பனையாளர் இரண்டையும் கேட்டுக்கொண்டு, தங்கையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாப்பா கலருக்கு டார்க் எடுக்காதும்மா, பேஸ்டல்ல காட்டுறேன்" என்று சொல்லி, வெளிறிய ரோஜா நிறத்திலும் பிஸ்தாப் பச்சையிலும் நான்கு சேலைகளை விரித்துப்போட்டார்.

தங்கை மாநிறத்துக்கும் ஒரு படி கறுப்பு. அந்த ஒரு சொல்லில் அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். கறுப்பான பெண்ணுக்கு அடர்நிறம் பொருந்தாது, வெளிர்நிறம் கட்டினால் வெளுப்பாகத் தெரிவாள் என்பது நம் கடைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் பொய். படத்தைப் பொறுத்தவரை உண்மை அநேகமாக நேர்மாறாக இருக்கிறது. கேமரா தானாக வெளிச்சத்தை அளக்கும்போது, தன் முன்னே இருப்பதெல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சம் தரும் என்று எடுத்துக்கொள்கிறது. சட்டகம் முழுக்க வெளிறிய துணி இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று கருதி மொத்தப் படத்தையும் அது இருட்டாக்குகிறது. அப்போது பாதிக்கப்படுவது முகம். பிறகு முகத்தை மட்டும் கணினியில் வெளுப்பாக்குகிறார்கள். என் படத்தில் சுற்றி எரிந்த விளக்குகளும் மின்னிய கற்களும் செய்த வேலையை, இவள் படத்தில் வெளிறிய துணியே செய்துவிடும். அரக்கு, மயில்கழுத்து, பாசிப்பச்சை, மாம்பழ மஞ்சள் போன்ற ஆழமான நிறங்கள் இருந்தால், முகத்துக்கு வேண்டிய அளவு வெளிச்சத்தைத் தாராளமாக விட்டுப் படம் எடுக்கலாம். துணியும் வெளிறிப்போகாது, தோலின் நிறமும் அதன் இயல்பான மினுமினுப்போடு வரும். வண்ணப் படச்சுருள் காலத்தில், நிறங்களைச் சரிபார்க்க ஆய்வகங்கள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் அச்சிட்ட அட்டையைத்தான் அளவுகோலாக வைத்திருந்தன. ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். கறுப்புத் தோலுக்குப் படம் சரியாக வராததன் பழி தோலின்மேல் சுமத்தப்பட்ட காலம் அது. அந்தப் படச்சுருள்கள் போய்விட்டன, கடைக்காரரின் வாக்கியம் மட்டும் இன்னும் போகவில்லை.

எதிர்ப்பக்கத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ராணி பிங்க், எரியும் ஆரஞ்சு, ஒளிரும் பச்சை போன்றவற்றை டிஜிட்டல் கேமராவால் முழுதாகத் தாங்க முடிவதில்லை. அந்த ஒரு நிறத்தின் அளவு உச்சத்தைத் தொட்டுவிட்டால், கொசுவத்தின் மடிப்பும் நெசவின் நயமும் மறைந்து, துணி வெறும் வண்ணத் தாள்போல் ஆகிவிடுகிறது. போதாததற்கு, அந்த நிறம் மேல்நோக்கித் தெறித்து மோவாயின் அடியிலும் கழுத்திலும் ஒட்டிக்கொள்கிறது. வெயிலில் பச்சைச் சேலையோடு நிற்பவரின் கழுத்தைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

வெளிர்நிறச் சேலைகளை மடிக்கச் சொல்லிவிட்டு, சம்பந்தி அம்மாவுக்கும் தங்கைக்கும் நடுவே ஒரு நிறத்தைத் தேடினோம். அப்போது அடுக்கிலிருந்து ஒரு காஞ்சிபுரம் பட்டு வந்தது. கடையின் மஞ்சள் விளக்கில் அது கரும்பச்சையாக இருந்தது. உடலில் ஒன்றுமில்லை, வெறும் பட்டு; அரக்குக் கரையில் தாழம்பூ ரேக்கு என்ற வேலைப்பாடு. சம்பந்தி அம்மா, "பச்சை வேணாம்மா, நாங்க நீலம்னு நினைச்சுட்டோம்" என்றார். நான் கடைக்காரரிடம் கேட்டு அந்தச் சேலையை வாங்கி, தங்கையின் தோளில் போட்டு, அவளை வாசற்படிக்கு அழைத்துக்கொண்டு போனேன். காலை பதினொரு மணி இருக்கும். நேர் வெயில் படாமல், தெருவின் வெளிச்சம் மட்டும் விழும் இடம். அங்கே போனதும் அதே சேலை நீலமாகிவிட்டது. அவள் தோளை அசைத்தபோது மடிப்பின் மேட்டில் பச்சை ஓடியது, பள்ளத்தில் நீலம் நின்றது. பின்னாலேயே வந்த சம்பந்தி அம்மா முந்தானையைக் கையில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனவர், கடைக்காரரிடம் "இதையே போடுங்க தம்பி" என்றார்.

மயில்கழுத்து நிறத்தின் சூட்சுமம் நெசவிலேயே இருக்கிறது. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் இன்னொரு நிறம். பட்டு நூல் வழவழப்பாக இருப்பதால், ஒளி விழும் கோணத்தையும் பார்க்கும் கோணத்தையும் பொறுத்து ஒருசமயம் பாவின் நிறமும் ஒருசமயம் ஊடையின் நிறமும் மேலெழுகிறது. விளக்கின் நிறமும் இதில் சேர்ந்துகொள்கிறது: மஞ்சள் விளக்கில் நீலம் அமுங்கிப் பச்சை எழும், பகல் வெளிச்சத்தில் நீலம் தலைகாட்டும். ஒரே சேலை ஆல்பம் முழுக்க அலுக்காமல் இருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான நெசவு எனக்குத் தெரியவில்லை. உடல் வேறு, கரை வேறு நிறமாக இருந்ததும் எங்களுக்கு உதவியது. காஞ்சிபுரத்தில் இதைக் கோர்வை என்பார்கள். கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா (ஊடை நூலைக் கொண்டுபோகும் தறிக் கட்டை) ஓட்டி, இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே நெய்வார்கள். முந்தானையை மடித்துத் தோளில் குத்தும்போது முகத்துக்கு மிக நெருக்கமாக வந்து நிற்பது உடலின் நிறமன்று, அந்தக் கரைதான். ஆகவே சேலையை மேசையில் விரித்துப் பார்த்து முடிவுசெய்யாமல், தோளில் மடித்துப் போட்டு, கரை முகத்தோடு சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். தங்கைக்குப் பிடித்த அரக்கு, அவள் கேட்காமலேயே, அவள் முகத்துக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தது.

பெண் வீட்டுச் சேலையைத் தேர்ந்தெடுப்பதில் சிரமம் இருக்கவில்லை. அம்மா தன் கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த வெந்தய நிறப் பட்டு ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தார். ரவிக்கை மட்டும் புதிதாகத் தைத்தோம்.

மாலையைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. மேடைப் படங்களில் பெண்ணின் முகத்தைச் சுற்றி உண்மையில் இருப்பது மாலைதான்; கழுத்திலிருந்து இடுப்புவரை சேலையையும் ரவிக்கையையும் அது மறைத்துவிடுகிறது. பல ஆயிரம் கொடுத்து ரவிக்கையின் கழுத்தில் ஆரி வேலை செய்து, அதன்மேல் கை பருமனுக்கு ரோஜா மாலையைப் போட்டால் அந்த வேலையை யார் பார்ப்பது? நாங்கள் ஆரி வேலையைக் கைகளின் ஓரத்தில் மட்டும் செய்யச் சொன்னோம். மோதிரம் போடும் படத்தில் தெரிவது கைதான். அரக்குக் கரையின்மேல் சிவப்பு ரோஜா மாலை விழுந்தால் இரண்டும் கலந்துவிடும் என்பதால், பூக்கடையில் சம்பங்கி மாலையை, நடுநடுவே பன்னீர் ரோஜா வைத்து, மெல்லியதாகக் கட்டச் சொன்னோம். மதுரையில் பூவுக்குக் குறைவில்லை. மேடை அலங்காரம் செய்பவரிடமும் பின்திரையின் நிறத்தை முதலிலேயே கேட்டுவிட்டேன். அவர் பச்சை இலைகளால் ஆன சுவர் ஒன்றை முடிவுசெய்திருந்தார்; அதன்முன் மயில்கழுத்துச் சேலை காணாமல் போயிருக்கும். சந்தன நிறத் துணிக்கு மாற்றிக்கொண்டார். ஊதா, நீல வண்ண விளக்குகளை மேடையில் முகத்தை நோக்கித் திருப்ப வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டோம். அந்த விளக்குகள் விழுந்த முகத்தையும் பட்டையும் பிறகு எந்தக் கணினியாலும் பழைய நிறத்துக்குக் கொண்டுவர முடியாது.

மாப்பிள்ளையின் உடைக்கு நம் வீடுகளில் அரை மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. படத்தில் பாதி இடம் அவருடையது. தம்பி (அப்படித்தான் கூப்பிடுகிறேன், என்னைவிட ஆறு வயது இளையவர்) சேலைக்குப் பொருத்தமாக நீலச் சட்டை எடுக்கலாமா என்று கேட்டார். என் பழைய படத்தை அவரிடம் காட்டினேன். இருவரும் ஒரே நிறத்தில் நின்றால் துணிதான் முதலில் தெரியும். சந்தன நிறத்துக்குச் சற்று அருகில் வரும் பட்டு வேட்டியும் அதே நிறச் சட்டையும் போதும், வேட்டியின் கரையில் மட்டும் அரக்கு இருக்கட்டும் என்று முடிவுசெய்தோம். அந்த ஒற்றைக் கோடு இருவரையும் சேர்த்துவிடும். பளிச்சென்ற வெள்ளை வேண்டாம் என்றதற்குக் காரணம் இருக்கிறது. சொட்டு நீலம் போட்டு அலசிய வெள்ளையில் மெல்லிய நீலம் எப்போதும் இருக்கும். சலவைத் தூள்களில் சேர்க்கப்படும் வெண்மையூட்டிகளோ, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகின்றன. பட்டின் இளமஞ்சள் வெண்மைக்கும் சரிகைக்கும் பக்கத்தில் அந்த வெள்ளை நீலம் பாரித்துத் தெரியும். பட்டு வேட்டிக்குப் பழக்கமில்லாதவர் என்பதால், இரண்டு மாலை நேரங்கள் வீட்டில் கட்டி நடந்து, உட்கார்ந்து, எழுந்து பழகிக்கொண்டார். இடுப்பில் கை வைத்துக்கொண்டே நிற்கும் மாப்பிள்ளைகளை எத்தனையோ ஆல்பங்களில் பார்த்திருக்கிறேன். வேட்டி நழுவிவிடுமோ என்ற பயம் முகத்திலும் தெரிந்துவிடுகிறது. சட்டைப் பையில் கைப்பேசி வைக்கக் கூடாது, சட்டைக்குள் தெரியாத பனியன் போட வேண்டும் என்ற இரண்டையும் அவருடைய அம்மாவே பார்த்துக்கொண்டார்.

நிச்சயத்துக்கு மறுவாரம், இருவரையும் மட்டும் வைத்துப் படம் எடுக்கக் கானாடுகாத்தானுக்குப் போனோம். தெரிந்தவர் ஒருவரின் பழைய வீடு, அனுமதி வாங்கியிருந்தோம். அங்கே பட்டு வேண்டாம் என்பதில் தங்கை உறுதியாக இருந்தாள். செட்டிநாட்டு வீட்டின் வளவில், அதாவது உள்முற்றப் பகுதியில், இருப்பவை பர்மாத் தேக்குத் தூண்கள், கண்ணாடிபோல் இழைத்த வெள்ளைச் சுவர், ஆத்தங்குடித் தரை. தரையில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பூவும் கட்டமும் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. அதன்மேல் இன்னொரு பூப்போட்ட துணி வந்தால் கண் எங்கே நிற்பது? மதுரைச் சுங்குடி எங்கள் ஊர்ச் சொத்து, 2005-இலேயே புவிசார் குறியீடு வாங்கிய சேலை. ஆனாலும் அதன் சிறுசிறு முடிச்சுப் புள்ளிகளை அந்தத் தரையின்மேல் கற்பனை செய்து பார்த்து மனமில்லாமல் ஒதுக்கினேன். காரைக்குடிப் பக்கம் நெய்யப்படும் கண்டாங்கி பொருந்தியது. கெட்டியான பருத்தி, பெரிய கட்டம், அகலமான கரை. அதுவும் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அரக்கு எடுத்தால் தேக்குத் தூணோடு கலந்துவிடும் என்பதால், மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை வைத்ததை எடுத்தோம். அந்த மண்ணின் சேலை அந்த வீட்டுக்குள் நிற்கும்போது தனியாக ஒப்பனை எதுவும் தேவைப்படவில்லை.

தம்பி அன்றைக்குக் கொண்டுவந்திருந்த சட்டை நெருக்கமான மெல்லிய கோடுகள் போட்டது. கிளம்புவதற்கு முந்தைய நாள் அதை மாட்டிக்கொண்டு கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த படத்தில் சட்டையின் மார்பில், துணியில் இல்லாத அலை அலையான வளையங்கள் ஓடின. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று பிடித்தால் தெரியும் அலைகளைப் போன்றவை அவை. கேமராவுக்குள் ஒளியை உணரும் புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. சட்டைக் கோடுகளின் இடைவெளி அந்த வரிசைகளின் இடைவெளியை நெருங்கும்போது இப்படி ஆகிறது. கண்டாங்கியின் கட்டம் பெரியது என்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை. அவர் கோடில்லாத இளஞ்சாம்பல் கதர்ச் சட்டைக்கு மாறிக்கொண்டார்.

எந்த உடையானாலும் கடைசியில் ஒரு சோதனை செய்தே தீர வேண்டும். படம் எடுப்பதற்குப் பத்து நாள் முன்பாவது, ரவிக்கை, உள்பாவாடை, அன்றைக்குப் போடப்போகும் நகை எல்லாவற்றோடும் முழுதாக உடுத்தி, அரை மணி நேரம் வீட்டில் நடமாட வேண்டும். தங்கை கையைத் தூக்கிப் பார்த்தாள். ரவிக்கையின் கை தோளில் இழுத்தது. மாலை போடுவதற்குக் கையைத் தூக்காமல் எப்படி? தையற்காரரிடம் கொடுத்துக் கைக்குழியில் அரை அங்குலம் விடச் சொன்னோம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உள்பாவாடை சேலைக்குக் கீழே எட்டிப் பார்த்தது. இவை கடையில் தெரியாது, கண்ணாடி முன் நேராக நிற்கும்போதும் தெரியாது. பட்டுச் சேலையை முன்கூட்டியே கொசுவம் மடித்து, இஸ்திரி போட்டு, பெட்டியில் வைத்துக் கொடுப்பவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நடுவில் சேலை மாற்ற வேண்டிய நிச்சயத்தில் அந்தக் கூலி வீணில்லை. தங்கை உள்ளே போய்ப் பதினைந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள், சபையைக் காக்க வைக்கவில்லை.

புகைப்படக்காரரிடம் நான் ஒன்றே ஒன்றை வேண்டிக்கொண்டேன். மாப்பிள்ளை சிவப்பு, பெண் கறுப்பு. அவளை அவர் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டாம், இரண்டு பேரும் அவரவர் நிறத்திலேயே இருக்கட்டும் என்றேன். இளைஞர் அவர். "அப்படிச் சொல்றவங்க ரொம்பக் குறைவுக்கா" என்றார். சொன்னபடியே செய்தும் கொடுத்தார்.

படங்கள் வந்து இரண்டு மாதம் ஆகிறது. சம்பந்தி அம்மா வீட்டு முன்னறையில் இரண்டு படங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஒன்று மேடையில் மோதிரம் போட்டது. மண்டபத்தின் மஞ்சள் வெளிச்சத்தில் சேலை பச்சை. மற்றொன்று, சடங்கெல்லாம் முடிந்து, மண்டபத்து வாசலில் பகல் வெளிச்சத்தில் இருவரும் உறவினரை வழியனுப்பிக்கொண்டிருந்தபோது எடுத்தது. அதில் தங்கை திரும்பி யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள், ஜிமிக்கியின் நிழல் கன்னத்தில் விழுந்திருக்கிறது, சேலை நல்ல நீலம். போன வாரம் நான் போயிருந்தபோது பக்கத்து வீட்டம்மா ஒருவர் வந்து, எத்தனை சேலை எடுத்தீர்கள் என்று கேட்டார். சம்பந்தி அம்மா எழுந்து போய், உள் அறையிலிருந்து சேலையையே எடுத்துவந்து, "வாசலுக்கு வாங்க, காட்டுறேன்" என்று அவரை வெளியே அழைத்துக்கொண்டு போனார்.